மீன் படாத நாட்களின் கொப்பி

சின்னையா மீன் பட்ட நாளை எழுதமாட்டார். படாத நாளைத்தான் எழுதுவார்.

எழுதுவது பிள்ளைகள் கணக்குச் செய்கிற சதுர றூள் கொப்பியில். ஒரு நாளுக்கு இரண்டு வரி, மிஞ்சிப்போனால் மூன்று. 1974 இல் தீவுப்பகுதித் தபால் கந்தோர் ஒன்றுக்கு மாற்றலாகிப் போனபோது தொடங்கியவர். இப்போது ஏழாவது கொப்பி ஓடுகிறது. சில பக்கங்களிலிருந்து (கச்சானும் சோளகமும் காற்றுகளின் பெயர்):

"அமாவாசைக்கு இரண்டாம் நாள். கச்சான். தண்ணி கலங்கல். ஒண்டும் இல்லை. பிந்திப் போனன்."

"சோளகம் பலம். இறால் நேற்றையது, மணந்தது. மீனில பிழை இல்லை."

"ஒருக்கா கொத்தினது. நான் சுருட்டுப் பத்தவைச்சுக்கொண்டு நிண்டன்."

பட்ட நாளை ஏன் எழுதுவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். "அது சட்டிக்குள்ள கிடக்குதே, பிறகென்னத்தை எழுத?" என்றார்.

நான் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். சனி, ஞாயிறுகளில் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரையில் தூண்டிலோடு நிற்பதைப் பிள்ளைகள் பஸ்ஸுக்குள்ளிருந்து கண்டிருக்கிறார்கள். போன தவணை ஒரு பெடியன் கேட்டான், "சேர், நீங்கள் நல்லா மீன் பிடிப்பீங்களோ?" ஓம் என்று சொல்ல வாய் வந்தது. வீட்டில் மூன்று தடிகள், இரண்டு றீல்கள், ஒரு பெட்டி நிறைய முள்ளும் ஈயமும் இருக்கின்றன. மீனும் படுகிறது. ஆனால் பட்டால் ஏன் பட்டது என்று எனக்குத் தெரியாது. படாவிட்டால் ஏன் படவில்லை என்றும் தெரியாது. "இன்றைக்கு மீன் இல்லை" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுப்பேன். சின்னையா அந்த வசனத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை. "மீன் இல்லையோ? கடலுக்குள்ள மீன் இல்லையெண்டு நீ எப்பிடிக் கண்டனி?" என்பார்.

பெடியனுக்குச் சொன்னேன்: "எங்கட சின்னையாதான் நல்லாப் பிடிப்பார்." அவன் விடவில்லை. "அவருக்குக் கனக்கப் பொறுமையோ சேர்?"

இந்தப் பொறுமைக் கதையைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்.

தூண்டில் என்றவுடன் எல்லோரும் கொக்கைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். ஓடுமீன் ஓட, உறுமீன் வருமளவும் வாடியிருக்கும் கொக்கு. ஔவையாரோடு எனக்கு வழக்கு இல்லை. அவர் சொன்னது அடக்கத்தைப் பற்றி, மீன்பிடியைப் பற்றி அல்ல. ஆனால் பண்ணையில் ஒரு காலைப்பொழுது கொக்கைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். சின்னக் கொக்குக்குக் கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். அந்த மஞ்சள் விரல்களால் சேற்றைக் கிளறும், நடுக்கும். ஒளிந்திருக்கிற இறாலும் குஞ்சு மீனும் வெளியே பாயும்போது கொத்தும். இரண்டு இடத்தில் கிளறி ஒன்றும் எழும்பாவிட்டால் பறந்து அடுத்த பக்கம் போய்விடும். வாடியிருக்கிற வேலையெல்லாம் அதற்குக் கிடையாது.

சின்னையாவும் அப்படித்தான். ஆகப் பொறுமை கெட்ட மனுஷன். சோறு பத்து நிமிடம் பிந்தினால் குசினி வாசலில் வந்து நிற்பார். தூண்டிலைப் போட்டுக் கால் மணித்தியாலத்துக்குள் ஒரு தொடுகையும் இல்லையென்றால் சுருட்டிக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவார். நான்தான் ஒரே இடத்தில் மூன்று மணித்தியாலம் நிற்பேன். என்னைப் பார்த்துத்தான் சனம் "நல்ல பொறுமையான பிள்ளை" என்று சொல்வது. அது பொறுமை இல்லை, வேறு என்ன செய்வதென்று தெரியாமை.

அவரை ஊர் எப்படிப் பார்த்தது என்பதையும் சொல்ல வேண்டும். எங்களுடையது கடற்கரைக் குடும்பம் இல்லை. வெங்காயமும் புகையிலையும் வைத்தவர்கள். தோட்டக்காரருக்குத் தூண்டில் போடுகிறவன் வேலைவெட்டி இல்லாதவன். கடற்தொழில் செய்கிறவர்களுக்கோ ஒரு முள்ளோடு கரையில் நிற்கிற கந்தோர்காரர் விளையாட்டுப் பிள்ளை. இரண்டு பக்கமும் சிரித்தார்கள். அவர் இரண்டு பக்கத்திடமும் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆழமில்லாத தண்ணீரில் கம்பு நட்டுக் கட்டுகிற களங்கட்டி வலை வைத்திருப்பவரிடம், "நேற்று எந்தப் பக்கச் சிறகில மீன் கூட விழுந்தது?" என்பார். அவர்களுக்கு அது தொழில் இரகசியம் இல்லை, தபால்காரரிடம் சொல்லலாம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்போது மீன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அப்படித்தான் சேர்த்துக்கொண்டார்.

நான் அவரோடு போகத் தொடங்கியது 2002 இல். மாசியில் யுத்த நிறுத்தம் வந்து, மனிதர் கொஞ்சம் மூச்சுவிட்டு வெளியே நடமாடத் தொடங்கிய வருடம். எனக்கு 14 வயது. கோட்டையடியில் சைக்கிளை விட்டுவிட்டு, வேலணைப் பக்கம் போகிற தெருவில் நடப்போம். இரண்டு பக்கமும் நீரேரி. யாழ்ப்பாணக் கடல்நீரேரி சுமார் 400 சதுர கிலோமீற்றர் பரப்பு என்பார்கள். ஆனால் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். வற்றும் பெருக்கும் எங்கள் பக்கத்தில் பெரிதில்லை, பறுவத்திலும் அமாவாசையிலும் அரை மீற்றரும் சொச்சமும்தான். ஆழமில்லாத இடத்தில் அந்த அரை மீற்றர் ஒரு வயலையே மூடித் திறப்பது மாதிரி. அவ்வளவு தண்ணீரும் தெருவுக்குக் கீழே இருக்கிற பாலக் கண்களுக்குள்ளால்தான் போய்வர வேண்டும். போகிற தண்ணீரோடு இறால் போகும், இறாலுக்குப் பின்னால் மீன்.

முதல் நாள் நான் தூண்டிலை எடுத்து வீசப்போனேன். "வை கீழ" என்றார். அரை மணித்தியாலம் ஒன்றும் செய்யவில்லை. சுருட்டுப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். சாதாளை என்கிற கடற்பாசி மிதந்து எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்தார். தூரத்தில் திரளிக் குஞ்சுகள் ஒரே பக்கமாகப் பாய்ந்தபோது, "உவையளை ஆரோ கலைக்கினம்" என்றார். பிறகு நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஐம்பது யார் தூரம் தள்ளிப் போய், பாலக் கண்ணுக்கு நேரே போடாமல், இழுக்கிற தண்ணீரும் நிற்கிற தண்ணீரும் உரசுகிற ஓரத்தில் போட்டார். மீன் ஓட்டத்துக்குள் நின்று களைத்துப்போகாதாம். ஓரத்தில் நின்று, ஓட்டம் கொண்டுவருவதை எட்டிப் பிடிக்குமாம். "நீ பஸ் ஓடுற நடுத் தெருவிலயோ நிப்பாய்? ஓரத்தில நிண்டுதானே மறிப்பாய்?"

அன்றைக்கு இரண்டு கீளி, ஒரு சின்னப் பாரை. கொப்பியில் ஒன்றும் இல்லை.

அவருடைய இன்னொரு சட்டம் எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. கரையில் எவ்வளவும் கதைக்கலாம், நடக்கக்கூடாது. வாயை மூடு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. செருப்பை இழுத்து நடந்தால் மட்டும் திரும்பி ஒரு பார்வை. கல்லில் போத்தலை 'டொக்' என்று வைத்தால் போச்சு. உயர்தரத்தில் அலைகள் படித்தபோதுதான் காரணம் பிடிபட்டது. காற்றில் வருகிற சத்தம் தண்ணீரின் மேற்பரப்பில் பட்டு அனேகமாக முழுவதும் திரும்பிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இறங்கும். காலடி அதிர்வு கல்லுக்குள்ளாலும் மண்ணுக்குள்ளாலும் நேரே தண்ணீருக்குள் போகும். மீனுக்கு உடம்பின் இரண்டு பக்கத்திலும் செவுளிலிருந்து வால்வரை ஒரு கோடு ஓடுகிறதே, அந்தக் கோடு இப்படியான அதிர்வைப் பிடிப்பதற்கென்றே இருக்கிறது.

பார்வையும் அப்படித்தான். தண்ணீருக்குக் கீழேயிருந்து மேலே பார்க்கிற மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். அந்த வட்டத்தின் எல்லையைத் தருகிற அவதிக் கோணம் 48.6 பாகை, இரண்டு பக்கமும் சேர்த்தால் 97 பாகைக் கூம்பு. வட்டத்தின் விளிம்பில் எல்லாம் நசிந்து மங்கிப்போகும். கரையோரம் குந்தியிருக்கிறவன் அந்த விளிம்புக்குள் ஒளிந்துவிடுகிறான், எழும்பி நிற்கிறவன் வட்டத்துக்குள் வந்துவிடுகிறான். இதை நான் கரும்பலகையில் படம் கீறிக் கணக்குச் செய்து காட்டுகிறேன். சின்னையா எட்டாம் வகுப்பிலேயே விஞ்ஞானத்தோடு கோபம். ஆனால் அவர் போடும்போது எப்போதும் குந்தியிருந்துதான் போடுவார். நிழல் தண்ணீரில் விழாமல் வெயிலுக்கு முகம் காட்டித்தான் நிற்பார்.

பெரும்பாணாற்றுப்படையில் ஒரு வாளை மீன் வருகிறது. பாண்மகனின் நெடிய மூங்கில் தூண்டிலில் கோத்த இரையைக் கடித்துப் பறித்துக்கொண்டு தப்பிவிட்ட மீன். தப்பிய பிறகு, கரையோரம் நிற்கிற பிரம்பின் நிழல் தண்ணீரில் ஆடுவதைக் கண்டு வெருளும். நிழலுக்கு மீன் பயப்படும் என்று எழுதியது பெரிய விஷயம் இல்லை. ஒருமுறை தப்பிய மீன் மற்றது மாதிரி இல்லை என்று அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது. அவரும் எங்கேயோ ஒரு குளக்கரையில் வெறும் முள்ளைத் தூக்கிப் பார்த்திருக்கிறார் என்றுதான் நான் நம்புகிறேன்.

2003 ஆக இருக்க வேண்டும், கெளிறு ஒன்றைக் கழற்றப்போய்ப் பெருவிரலில் முள் ஏற்றிக்கொண்டேன். குத்தியவர்களுக்குத் தெரியும், அது சாதாரண முள் வலி இல்லை. கை தோள்வரை கொதித்தது. நான் அழ, சின்னையா தேத்தண்ணிக்குக் கொண்டுவந்த சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து மூடிக்குள் ஊற்றி, தன்னுடைய விரலை விட்டுச் சூடு பார்த்து, பிறகு என் விரலைப் பிடித்து உள்ளே வைத்தார். ஆற ஆற மாற்றினார். அரை மணித்தியாலத்தில் வலி பாதியாகக் குறைந்தது. கெளிறின் நஞ்சு ஒரு புரதம், சூட்டில் கெட்டுப்போகும். வைத்தியர்களும் இதையேதான் செய்யச் சொல்கிறார்கள். அன்று இரவு கொப்பியில்: "பெறாமகனுக்குக் கெளிறு குத்தினது. எப்பிடிப் பிடிக்கிறதெண்டு முதல் நாளே காட்டியிருக்க வேணும்." மீன் பட்ட நாள்தான் அது, கணக்குப்படி எழுதக்கூடாது. மீனை மறந்துவிட்டார் போல.

கொப்பியில் பெரிய இடைவெளிகள் உண்டு. 1990 ஆனியோடு ஒரு கொப்பி நடுப்பக்கத்தில் நிற்கிறது. அடுத்த வரி 2002 பங்குனி. இடையில் கோடுகூடப் போடவில்லை. பிறகு 2006 ஆவணியில் ஏ9 பாதை பூட்டிய பிறகு திரும்பவும் மூன்று வருட வெறுமை. கடலுக்குப் போக நேரம், தூரம், அனுமதி என்று எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு இருந்த காலங்கள். "பன்னிரண்டு வருஷம் மீன் படேல்லையே, அதை எழுதேல்லையோ?" என்று ஒருமுறை பகிடியாகக் கேட்டேன். சிரிக்கவில்லை. "அது மீன் படாத நாள் இல்லை. நான் போகாத நாள்" என்றார்.

1995 ஐப்பசி 30 இடப்பெயர்வில் அந்தக் கொப்பிகளைச் சொப்பின் பையில் சுற்றிக் கொண்டுபோயிருக்கிறார். தேங்காய் திருவலை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்த கதையைச் சின்னம்மா இன்றைக்கும் சொல்லுவா. முப்பது வருடமாகியும் அந்தத் திருவலையின் குறை தீரவில்லை.

இங்கிலாந்தில் றிச்சட் வோக்கர் என்று ஒரு தூண்டில்காரர் இருந்தார். பொறியியல்காரர். 1952 இல் றெட்மயர் என்ற மூன்று ஏக்கர் குளமொன்றில் 44 இறாத்தல் கார்ப் மீன் ஒன்றை விடியப்புற இருட்டோடு பிடித்தார். 20 கிலோ. 1980 வரைக்கும் அந்த நாட்டில் அதுதான் ஆகப் பெரிய கார்ப். அதற்கு முதல், அந்த அளவு கார்ப்பைத் தூண்டிலில் பிடிக்க ஏலாது, பட்டால் அதிர்ஷ்டம் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். அவர் அதிர்ஷ்டத்தை நம்பவில்லை. மீன் எப்போது எங்கே மேய்கிறது என்று உட்கார்ந்து யோசித்தார். இருட்டில் மீன் தொட்டால் சத்தம் போடுகிற மின்கருவி ஒன்றையும் செய்துகொண்டார். அந்த மீனை உயிரோடு லண்டன் மிருகக்காட்சிச்சாலைக்குக் கொடுக்க, அது 1971 வரை அங்கே இருந்தது.

இதைச் சின்னையாவுக்குச் சொன்னபோது மின்கருவிக் கதையில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏனென்றால் அவர் தடி நுனியில் சின்ன மகளின் பழைய காற்சலங்கையில் ஒன்றைக் கட்டியிருப்பவர். "மனுஷன் விசயகாரன்தான்" என்றார். மிருகக்காட்சிச்சாலை பிடிக்கவில்லை. "பத்தொன்பது வருஷம் கண்ணாடிக்குள்ளயோ? தின்டிருக்கலாம்."

சரி, இவ்வளவு நேரமும் நான் எழுதியதைப் பார்த்தால், பழைய மனிதருக்கு எல்லாம் தெரியும், புதியவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்கிற வழமையான கதைபோல் இருக்கும். எனக்கும் அந்தக் கதையில் ஒரு விருப்பம் இருந்தது. 2018 மார்கழியில் அது உடைந்தது.

சுவிசிலிருந்து அக்காவின் மகன் வந்து நின்றான், 22 வயது. சின்னையாவுக்குப் பேரன், எனக்கு மருமகன். நீளக் குழாய் ஒன்றுக்குள் தடிகள். ஒரு பெட்டி நிறைய பிளாஸ்ரிக் மீன்கள், கண்ணும் செதிலும் வைத்து, வயிற்றில் முள் தொங்குகிறவை. சின்னம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "உதுகளைக் குழந்தைப் பிள்ளையளிட்டைக் குடுக்காதை மோனை" என்றா. சின்னையா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வாய்க்குள் சிரித்தார். மணமில்லாத இரையை மீன் ஏன் தொடப்போகிறது?

அடுத்த நாள் பண்ணையில் பெடியன் ஒன்றரை மணித்தியாலத்தில் நான்கு சீலாவும் ஒரு பாரையும் எடுத்தான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. நான் செய்தது எனக்கு நன்றாக ஞாபகம்: காற்றைக் குறை சொன்னேன். இறாலைக் குறை சொன்னேன். அவனுடைய தடியின் விலையைக் கேட்டேன். சின்னையா தன்னுடைய தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு, மதகுக் கட்டில் குந்தியிருந்து பேரனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார்.

"ஏன் தம்பி, நிப்பாட்டி நிப்பாட்டிச் சுத்துறாய்?"

"காயப்பட்ட மீன் மாதிரி இருக்கோணும் அம்மப்பா. ஓடேக்க பாக்கும், நிக்கேக்கதான் அடிக்கும்."

"எவ்வளவு நேரம் நிப்பாட்ட வேணும்?"

"ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணுற நேரம். குளிரெண்டால் இன்னும் கூட."

"இஞ்ச குளிர் இல்லை. அப்ப கலங்கல் தண்ணிக்கும் கூட வேணுமோ?"

பெடியன் யோசித்தான். "இருக்கும். நான் பாக்கேல்லை."

அன்று இரவு கிணற்றடியில் ரோர்ச் லைற் வெளிச்சம். போய்ப் பார்த்தால், 71 வயது மனுஷன் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பிளாஸ்ரிக் மீனைத் தங்கூசி நூலில் கட்டி இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேகமாக இழுத்தால் ஒரு ஆட்டம், மெல்ல இழுத்தால் இன்னொரு ஆட்டம், விட்டால் மெதுவாக மேலே மிதந்து வருகிறது. "இஞ்ச பார், விடேக்க தலை கீழ சரியுது. அதைக் கண்டுதான் அடிக்குது." சின்னம்மா குசினிக்குள்ளிருந்து, "கிழவன் பொம்மை விளையாடுறார்" என்று எங்கள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னா. நான் அந்த இரவுதான் கொப்பியைக் கேட்டு வாங்கி முழுதாகப் படித்தேன். நாற்பத்து நான்கு வருடத்தில் "மீன் இல்லை" என்ற வசனம் ஒரு இடத்திலும் இல்லை. "நான்" என்ற சொல் அனேகமாக எல்லா நாளிலும் இருந்தது.

பேரனிடம் இன்னொரு புதினமும் இருந்தது. பணப்பைக்குள் ஒரு அட்டை. சுவிசில் மீன் பிடிக்க உரிமம் எடுப்பதென்றால் பெரும்பாலும் முதலில் பாடம் படித்துத் தேற வேண்டும் என்றான். மீனை விடுவதற்கென்றே பிடிப்பது 2009 இலிருந்து அங்கே சட்டப்படி குற்றம். சாப்பிடுவதென்றால் பிடி, பிடித்தால் உடனே தலையில் அடித்து மயக்கிக் கொல், துடிக்க விடாதே. முள் நுனிக்குக் கீழே பின்பக்கம் பார்த்து நிற்கிற கொளுவியையும் குறட்டால் நசுக்கிவிட்டிருந்தான். அளவு குறைந்த மீன் பட்டால் காயமில்லாமல் கழற்றுவதற்கு. சின்னையா அந்த அட்டையைக் கண்ணாடி போட்டு இரண்டு பக்கமும் பார்த்தார், டொச்சு எழுத்து ஒன்றும் விளங்காவிட்டாலும். "நல்ல சட்டம். ஆனால் கொளுவி இல்லாட்டி மீன் நிக்குமோ?" "தொய்ய விடாட்டி நிக்கும், அம்மப்பா." அடுத்த நாளே தன்னுடைய முள்கள் எல்லாவற்றையும் நசுக்கிவிட்டார். எனக்கு அவ்வளவு தைரியம் வர இரண்டு வருடம் எடுத்தது.

அந்த வருடம் மாரி நல்ல மழை. தொண்டைமானாற்றுக் கதவுகள் திறந்து கிடந்தன. கடல் உப்பு உள்ளே ஏறாமலும் மழைத்தண்ணீர் வீணாக ஓடாமலும் மறிக்கிற கதவுகள் அவை. வெள்ளம் கூடினால் திறந்துவிடுவார்கள். திறந்தால் சந்நிதி கோயிலைத் தாண்டி மண்ணிறத் தண்ணீர் கடலுக்குள் நாக்கு நீட்டிக்கொண்டு போகும். சின்னையா அங்கேதான் கூட்டிக்கொண்டு போனார். மண்ணிறமும் பச்சையும் சந்திக்கிற கோட்டைக் காட்டி, "இந்த வரம்பில போடு. கலங்கல் பக்கத்தில போட்டுப் பச்சைப் பக்கம் இழு. எண்ணுறதை நாலாக்கு" என்றார். பெடியன் ஒரு மறுகேள்வி கேட்கவில்லை.

ஐந்தாவது எறிவில் நின்றது. பாறையில் கொளுவிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு பாறை நடந்தது. இருபது நிமிடம் இருக்கும். றீல் அழ அழத் தங்கூசி ஓடியது. மூன்றுமுறை முழு உடம்பும் வெளியே பாய்ந்து தலையை உதறியது. நான் தண்ணீருக்குள் கழுத்தளவு நின்று கைவலையைப் பிடித்துக்கொண்டு கத்துகிறேன். கொடுவா. 90 சென்ரிமீற்றர், 9 கிலோவுக்குக் கிட்ட. கண் செந்தணல் மாதிரி. பேரன் படித்தபடியே ஒரே அடியில் முடித்தான். சின்னையா அவனுடைய முதுகில் தட்டி, "என்ர இடம், உன்ர பிளாஸ்ரிக்" என்றார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரை அதற்கு முதல் கண்டதில்லை.

அயலுக்கெல்லாம் துண்டு போனது. தலையில் சொதி, நடுத்துண்டில் குழம்பு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், எங்கேயோ படித்ததைச் சொன்னேன். கொடுவா முதலில் ஆண். சில வருடம் ஆணாக வாழ்ந்து, வளர்ந்து, ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் அளவுக்கு வரும்போது பெண்ணாக மாறும். அதனால் ஆகப் பெரிய கொடுவாக்கள் அனேகமாக எல்லாமே பெண்கள்தான். ஒன்று பல இலட்சம் முட்டை இடும்.

சின்னையாவின் கை கோப்பைக்கு மேலே நின்றது.

"அப்ப இது தாயோ?"

"ஓம், அப்பிடித்தான் இருக்கும்."

"உனக்கு உது முந்தியே தெரியுமோ?"

"ஓம்."

"அங்க வைச்சு ஏன் சொல்லேல்லை?"

என்னிடம் பதில் இல்லை. உண்மையான பதில், வலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு மீனைத் தவிர ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை என்பதுதான். கழுத்தளவு தண்ணீரில் நின்றவனுக்குப் படித்ததெல்லாம் கரையில் கிடந்தது.

றோலர்கள் கடலடியை வாருகிற வாரலுக்கு முன்னால் ஒரு கொடுவா என்ன பெரிய கணக்கு என்று பேரனைத் தேற்றினேன். இழுவைமடித் தொழிலைத் தடைசெய்து 2017 இல் சட்டம் வந்த கதையையும், சட்டத்துக்குப் பிறகும் கடலில் நடப்பதையும் சொன்னேன். எல்லாம் உண்மைதான். சின்னையா எழும்பிக் கைகழுவப் போனார்.

அந்த ஏழாவது கொப்பியில், மீன் பட்டதற்காகவே எழுதப்பட்ட ஒரே நாள் அது. "தொண்டைமானாறு. கொண்டல். கதவு திறந்தது. பெரிய கொடுவா, தாய். தெரிஞ்ச ஆள் பக்கத்தில நிண்டவர். நான் கேக்கேல்லை."

என்னைக் குறை சொல்லியிருக்கலாம். "சொல்லேல்லை" என்று எழுதியிருந்தால் பிழை என்னுடையது. "கேக்கேல்லை" என்று எழுதியிருக்கிறார். அந்த ஒரு சொல்லை நான் எத்தனையோ தரம் திருப்பிப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அவருக்கு 78. போன மாதம் கண்ணில் வெள்ளை படர்ந்ததற்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். ஒரு மாதம் தூசி, தண்ணீர், வெயில் ஒன்றும் ஆகாது, குனியவும் கூடாது. பச்சைத் துணி கட்டிய கண்ணோடு விறாந்தையில் இருந்து, மரத்தில் இலை எந்தப் பக்கம் ஆடுகிறதென்று மற்றக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் போன ஞாயிறு தனியே பண்ணைக்குப் போனேன். ஆறரையிலிருந்து எட்டேகால் வரை ஒன்றும் இல்லை. இரண்டு பேத்தை மட்டும் வந்து இறாலைக் கொறித்து, தங்கூசியை அறுத்துக்கொண்டு போயின. அறுந்த துண்டைச் சுருட்டிப் பொக்கற்றில் போட்டேன். கொக்கின் காலில் சிக்கும் என்று அவர் பழக்கிய பழக்கம். அப்புறம் போன் எடுத்தேன்.

"என்ன காத்து?"

"சோளகம், மெல்லிசு."

"தண்ணி எந்தப் பக்கம் இழுக்குது?"

அப்போதுதான் பார்த்தேன். சாதாளைத் துண்டு ஒன்று பாலக் கண்ணுக்கு முன்னால் அசையாமல் கிடந்தது. "இழுக்கேல்லை. நிக்குது."

"எப்ப நிண்டது?"

எனக்குத் தெரியவில்லை. சொன்னேன். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "இஞ்சருமப்பா, கொப்பியை எடும். நான் சொல்லுறன், எழுதும்" என்று அவர் சின்னம்மாவிடம் சொல்வது கேட்டது. கதிரை இழுபடுகிற சத்தம். பேனை தேடுகிற சத்தம்.

"ஞாயிறு. பண்ணை. பெறாமகன் போனவர். சோளகம். தண்ணி நிண்டது. எப்ப நிண்டதெண்டு பாக்கேல்லை."

"பாக்கேல்லை எண்டோ எழுத?" சின்னம்மா கேட்டா. "பாவம், பெடியன்."

"ஓம். அப்பிடியே எழுதும்."